தோட்டத்து ஏடிவியும் 200 மீட்டர் பஞ்சாயத்து ரோடும்

கேள்வி: வக்கீல் சார், வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமனார் வழியில் வந்த நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் எங்களுக்கு இருக்கிறது. நடுவில் பஞ்சாயத்து ரோடு போவதால் மேல் துண்டு, கீழ்த் துண்டு என்று இரண்டாகக் கிடக்கிறது. மேலே இரண்டு அறை கட்டி விருந்தினர்களைத் தங்க வைக்கிறோம். போன வருஷம் என் மச்சான், பெங்களூரு பக்கம் மூடிவிட்ட ஒரு ரிசார்ட்டிலிருந்து பழைய ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் பைக் மாதிரி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கி வந்தார். ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. தோட்டத்துக்குள் ஓட்டுகிறோம். இரண்டு துண்டுக்கும் நடுவில் 200 மீட்டர் மட்டும் ரோட்டில் போக வேண்டியிருக்கிறது. என் மகனுக்கு 15 வயது, அவனும் ஓட்டுவான். சமீபத்தில் தோட்டத்துக்குப் பின்னால் காட்டுப் பக்கம் போகும் பழைய ஜீப் பாதையில் மச்சான் போனபோது ஃபாரஸ்ட் கார்டு நிறுத்தி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். இன்னொரு முறை வந்தால் வண்டி திரும்பாது என்றாராம். மாமனார் காலத்தில் அந்தப் பாதையில் ஜீப்பே போயிருக்கிறது. இது ரோட்டு வண்டியே இல்லை, அதனால் ரோட்டுச் சட்டம் இதைத் தொடாது என்பது மச்சானின் வாதம். விருந்தினர்களுக்கு 20 நிமிஷத்துக்கு 500 ரூபாய் வாங்கி ஓட்டக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறார். இதற்கிடையில் பக்கத்துத் தோட்டக்காரர் சத்தம் தாங்க முடியவில்லை என்று பஞ்சாயத்தில் புகார் கொடுத்திருக்கிறார். எது சரி, எது தப்பு என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: சக்கரம் எந்த நிலத்தில் நிற்கிறது? ஏடிவிக்கென்று நம் மாநிலத்தில் தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவும், ஓட்டுவதற்கென்று ஒதுக்கிய தடங்களும் உண்டு. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இங்கே மோட்டார் வாகனச் சட்டம், வனச் சட்டம், வன உயிரினச் சட்டம், வருவாய்ப் பதிவேடுகள் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். ஒரே வண்டி, பத்து அடி நகர்ந்தால் வேறொரு சட்டத்துக்குள் போய்விடும்.

மச்சானின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)ஆம் பிரிவு, சாலையில் ஓடத் தக்கதாக அமைந்த, இயந்திர விசையில் ஓடும் எல்லாவற்றையும் மோட்டார் வாகனம் என்கிறது. தண்டவாளத்தில் ஓடுபவை, தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓட என்றே அமைந்த சிறப்பு வகை வண்டிகள், நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும் 25 சி.சி.க்கு மேற்படாமலும் உள்ளவை, இவை மட்டும் விலக்கு. மச்சான் பிடித்துக்கொள்வது நடுவில் உள்ள விலக்கை. கெட்டிக்காரர்தான். ஆனால் இந்த வழியில் அவருக்கு முன்பே பெரிய நிறுவனங்கள் போய்ப் பார்த்திருக்கின்றன. நம் ஊர் மேக்னசைட் சுரங்கங்களில் ஓடுவது போன்ற டம்பர்கள் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உண்டு. அவை சாலைக்கான வண்டிகளே இல்லை என்ற வாதம் ஒரிசா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1992இல் வந்த தீர்ப்பு, ரப்பர் டயர் போட்டு சாலையிலும் ஓடக்கூடியதாக இருப்பதால் அவையும் மோட்டார் வாகனங்களே என்றது. டம்பருக்கே அந்தக் கதி என்றால், உங்கள் ஏடிவிக்கு அந்த வாதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான் பத்திரிகை படிக்கிறவர் என்றால் 2025 ஆகஸ்ட் தீர்ப்பையும் எடுத்து நீட்டக்கூடும். விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு அந்தக் காலத்துக்கான மோட்டார் வாகன வரி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. உண்மைதான். ஆனால் அது வரியைப் பற்றிய வழக்கு. அந்த வளாகத்துக்குச் சுற்றுச்சுவர், வாயில், வாயிலில் காவல், அனுமதிச் சீட்டு எல்லாம் இருந்தன. உங்கள் தோட்டத்துக்கு என்ன இருக்கிறது? முள்வேலி, அதில் இரண்டு சந்து, ஒரு சந்து வழியாகக் காலையில் பால்காரர் வருவார்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்கிற 3ஆம் பிரிவும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்கிற 146ஆம் பிரிவும் பொது இடத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. பதிவு வேண்டும் என்கிற 39ஆம் பிரிவு மட்டும் பொது இடத்தோடு நிற்காமல், வேறு எந்த இடத்திலும் பதிவில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டக் கூடாது என்கிறது. எழுத்துப்படி பார்த்தால் உங்கள் சொந்தத் தோட்டம்கூட முழுப் பாதுகாப்பு இல்லை. நடைமுறையில், அடைத்த சொந்த நிலத்துக்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓட்டுகிறவரைத் தேடி யாரும் வேலி தாண்டி வருவதில்லை. விபத்து நடந்தால் மட்டும் அந்தப் பிரிவு நினைவுக்கு வரும்.

சரி, பதிவு செய்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு மாடல் வண்டி சாலைக்கு வருவதற்கு முன் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் தேறியிருக்க வேண்டும். அதன் பேரில் தயாரிப்பாளர் தரும் படிவம் 22 இல்லாமல் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பமே நகராது. பொழுதுபோக்குக்கு விற்கும் ஏடிவிகளில் பெரும்பாலானவற்றுக்கும், கவாசாகி கேஎல்எக்ஸ் 110 போன்ற சின்ன டர்ட் பைக்குகளுக்கும் அது கிடையாது. விற்பவரும் சாலைக்கு அல்ல என்று சொல்லித்தான் விற்பார். டிராக்டர் வகையில் ஒப்புதல் வாங்கி நம்பர் பிளேட்டோடு வந்த ஏடிவி மாடலும் இந்தியாவில் உண்டு, போலாரிஸ் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. உங்களுடையது அந்த ரகமாக இருந்திருந்தால் ரிசார்ட்காரர் ஆர்.சி.யோடுதான் கொடுத்திருப்பார். சட்டத்தில் குவாட்ரிசைக்கிள் என்று ஒரு வகை இருக்கிறதே, அதில் சேர்க்கலாமே என்று யாராவது கிளப்பிவிட்டால் நம்ப வேண்டாம். அது பஜாஜ் கியூட் மாதிரி கூரை போட்ட சின்ன நான்கு சக்கர வண்டிக்கான வகை.

பழைய பைக் ஒன்றின் டிஎன் 30 பிளேட்டைக் கழற்றி இதில் மாட்டுகிற யோசனையும் இந்த மாதிரி வீடுகளில் எப்படியும் தலைகாட்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பதிவில்லாமல் ஓட்டுவது அபராதத்தோடு போகக்கூடியது. இன்னொரு வண்டியின் எண்ணை மாட்டி ஓட்டுவது ஏமாற்று, போலி என்கிற குற்றவியல் பக்கம் போய்விடும்.

இப்போது அந்த 200 மீட்டர். பஞ்சாயத்து ரோடு பொது இடம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பதிவில்லாத வண்டிக்கு 192ஆம் பிரிவின்படி முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை 10,000 வரை அல்லது ஓராண்டு வரை சிறை. காப்பீடு இல்லாததற்கு 196ஆம் பிரிவில் 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், அந்த 200 மீட்டரில் காப்பிக் கொட்டை பறிக்கப் போகும் ஒரு அம்மாவை வண்டி இடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். 164ஆம் பிரிவின்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கொடுத்தாக வேண்டும். தவறை நிரூபித்துக் கேட்டால் அதற்கு மேலும் போகும். காப்பீட்டு நிறுவனம் இல்லாத வழக்கில் அந்தப் பணம் வண்டிக்காரர் கையிலிருந்துதான் வர வேண்டும். கட்டாவிட்டால் ஜப்திக்கு வரக்கூடியது அந்தக் காப்பித் தோட்டமேதான்.

பஞ்சாயத்துத் தலைவர் நம்ம ஆள், அவர் பரவாயில்லை என்றார் என்பதும் எடுபடாது. பதிவு, காப்பீடு இவற்றிலிருந்து விலக்குக் கொடுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால், அந்த எடைக்கு, அந்த ஏற்றத்தில் முயன்று பாருங்கள், வேண்டாம் என்று நீங்களே சொல்வீர்கள். இரண்டு பலகை வைத்து ஒரு டாடா ஏஸில் ஏற்றிக் கட்டி எடுத்துப்போவதுதான் வழி. ஏற்றி இறக்குகிற பாட்டைப் பார்த்தால் வண்டியை ஏதாவது ஒரு துண்டிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வது மேல் என்று தோன்றும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் பாதை. ஏற்காட்டில் பட்டா நிலம் என்றால் வேலிக்கு உள்ளே இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைப்பது வழக்கம். ஆனால் இங்கே தோட்டங்களுக்கு ஊடாகத்தான் மலைக்கிராமங்களுக்குப் போகும் வழிகள் ஓடுகின்றன. மலையாளி பழங்குடி மக்கள் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவும் தலைமுறையாக நடக்கிற பாதைகள் அவை. சில இடங்களில் அது புலப்படத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனிச் சர்வே எண்ணோடு இருக்கும், அப்படியானால் அந்தக் கீற்று உங்கள் நிலமே இல்லை. சில இடங்களில் பாதை பட்டாவுக்குள்ளேயே இருக்கும், ஆனால் நடக்கிறவர்களுக்கு வழி உரிமை ஏற்பட்டிருக்கும். இரண்டு வகையிலும் உங்கள் தோட்டத்து நடுவில் ஒரு பொது இடம் நெடுக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது. பொது மக்கள் போய்வரும் உரிமை உள்ள எந்த வழியும் பொது இடம் என்கிறது சட்டம். இழப்பீட்டு வழக்குகளில் பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் அதை இன்னும் அகலமாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. தனியார் இடமானாலும் ஜனங்கள் வந்துபோக விட்டிருந்தால் போதும் என்கிற அளவுக்கு.

அதனால் வண்டியை எடுப்பதற்கு முன் சர்வே எண்ணை எடுங்கள். உங்கள் பட்டாவில் உள்ள ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எஃப்எம்பி, அதாவது புலப்பட நகல் வாங்குங்கள். தமிழக அரசின் இணையத்திலேயே பல கிராமங்களுக்குக் கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். கிராம வரைபடத்தையும், எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். பாதை, ஓடை, கோயில், மயானம் எல்லாம் அதில் தெரியும். ஓடையும் பெரும்பாலும் புறம்போக்குதான். தண்ணீர் வற்றிய ஓடைக்குள் கல் மேல் ஏறி ஓட்டுவது வீடியோவில் நன்றாக இருக்கும், கீழே குடிதண்ணீர் எடுக்கிறவர்களுக்கு அப்படி இருக்காது. வரைபடம் கையில் வந்ததும் சர்வேயரைக் கூப்பிட்டு நான்கு மூலையிலும் கல் நட்டுவிடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

அடுத்தது காட்டுப் பாதை. இதில் வளைத்து வளைத்துப் பேச ஒன்றுமில்லை, மச்சான் செய்தது தப்பு. சேர்வராயன் மலையில் தோட்டங்களுக்கு ஊடேயும் சரிவுகளிலும் காப்புக்காடுகள் கிடக்கின்றன. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது இருபுறமும் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதுதான். 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நடந்து போனாலும் குற்றம், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் பக்காவாக வைத்திருக்கும் பைக்கில் போனாலும் குற்றம்.

மாமனார் காலத்து ஜீப் கதையைச் சொல்லி வாதாடலாமா என்று கேட்கிறீர்கள். காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும்போது, வழி உரிமை, மேய்ச்சல் உரிமை என்று யார் யாருக்கு என்ன இருக்கிறது என்பதை வன நிர்ணய அலுவலர் விசாரித்துப் பதிவு செய்வார். அந்தப் பதிவில் உங்கள் தோட்டத்துக்கு வழி உரிமை எழுதியிருந்தால் பேசலாம். எழுதியிருக்காவிட்டால் மாமனார் ஜீப் ஓட்டியது அந்தக் கால அதிகாரியின் தாராளம், அதிலிருந்து உரிமை பிறக்காது. அறிவிக்கை நகலை சரக அலுவலகத்திலோ சேலம் மாவட்ட வன அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வண்டி திரும்பாது என்று வனக்காப்பாளர் சொன்னது வெறும் மிரட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சரிவில் காட்டெருமைகள் உண்டு, நீங்களே பார்த்திருப்பீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். அந்தச் சட்டம் வேட்டை என்பதற்குள் சுடுவதை மட்டுமல்ல, விலங்கை விரட்டுவதையும் சேர்த்திருக்கிறது. ஏடிவியில் போகும்போது எதிரே வந்த காட்டெருமைக் கூட்டத்தைப் படம் எடுக்கிறேன் என்று ஹாரன் அடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போனால், காகிதத்தில் அது வேட்டை வழக்காக எழுதப்பட முடியும். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைக் கைப்பற்றி அரசுடைமையாக்கவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ வரை வளரும் கடா திரும்பி நின்றால் சட்டம் வரைக்கும் போகவும் நேரம் இருக்காது.

பிப்ரவரி முதல் மே வரை இன்னொரு பயம், தீ. காய்ந்த புல் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் பாதையில், சூடேறிய சைலன்சரோடு தாழ்வாக ஓடும் வண்டி அது. புல் சைலன்சரில் மாட்டிக் கருகி, பொறியாகக் கீழே விழுந்தால் போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் காட்டுத் தீயில் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே விதிகளும் அனுமதி முறையும் வந்துவிட்டன. நடந்து போகவே அனுமதிச் சீட்டு கேட்கும் காட்டில் பெட்ரோல் வண்டிக்கு என்ன நியாயம் சொல்வது?

ஆகவே அந்த எழுதி வாங்கிய காகிதம் விஷயத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். சரக அலுவலகத்துக்கு நீங்களே போய், எஃப்எம்பி நகலைக் காட்டி, எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். கல் காணாமல் போயிருந்தாலோ எல்லையில் சந்தேகம் இருந்தாலோ, வருவாய்த் துறையும் வனத் துறையும் சேர்ந்து அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மச்சானிடம் வாங்கிய காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன எழுதிக் கொடுத்தோம் என்று அவருக்கே நினைவில்லை என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

மகன் விஷயம். அடைத்த சொந்த நிலத்துக்குள் 15 வயதுப் பையன் ஓட்டினால் உரிமப் பிரிவு வராது. அதே பையன் அந்த 200 மீட்டரில் ஓட்டினால் 199ஏ பிரிவு வரும். 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு இது. சிறுவர் செய்த குற்றத்துக்கு அப்பாவோ வண்டிக்காரரோ குற்றவாளி, மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்பதை நிரூபிக்கும் சுமையும் உங்கள் மேல்தான். நீங்களோ எனக்கு எழுதிய கடிதத்திலேயே அவனும் ஓட்டுவான் என்று எழுதிவிட்டீர்கள். பையனுக்கும் 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற வயது வரைக்கும் பைக் ஓட்ட முடியாது என்பது இந்தக் காலத்துப் பையனுக்குச் சின்னத் தண்டனை இல்லை.

சட்டம் இருக்கட்டும், வண்டியே அவன் அளவுக்கு இல்லை. ஏடிவி பார்க்க நான்கு சக்கரமும் அகலமுமாகப் பத்திரமாகத் தெரியும். பெரும்பாலான மாடல்களில் பின் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் பூட்டிச் சுற்றும், காரில் இருப்பது போன்ற டிஃபரென்ஷியல் கிடையாது. மண்ணில் உள்பக்கச் சக்கரம் வழுக்கிக் கொடுப்பதால் திரும்புகிறது. தார் ரோட்டில் வழுக்காது, அதனால் நேராகவே இழுக்கும் அல்லது தூக்கிப் போடும். டயரில் காற்றும் மிகக் குறைவு. சரிவில் ஓட்டுகிறவர் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துத்தான் சமநிலை பிடிக்க வேண்டும், சீட்டு நீளமாக இருப்பது அப்படி முன்னும் பின்னும் நகர்வதற்காக. நம் ஆட்கள் அதைப் பார்த்ததும் பின்னால் ஒருவரை ஏற்றிவிடுகிறார்கள். கவிழ்ந்தால் இரண்டு, மூன்று குவிண்டால் இரும்பு மேலே உருளும். அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவிகள் இப்படிக் கவிழ்ந்து கவிழ்ந்தே 1988இல் விற்பனையிலிருந்து போயின. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்களுக்கான ஏடிவியை ஓட்டவே கூடாது என்பதுதான் அங்கே தயாரிப்பாளர்களும் சொல்வது. வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளைத் தேடிப் பாருங்கள், ரிசார்ட்காரர் கிழிக்காமல் விட்டிருந்தால் அதிலேயே இருக்கும். பையனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், அவன் வயதுக்கான சின்ன டர்ட் பைக்கை வைத்து, கவசம் மாட்டிச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சித் தடத்துக்கு அனுப்புங்கள். போட்டி வரைக்கும் போகிறான் என்றால் இந்திய மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம் பக்கம் யோசிக்கலாம்.

மச்சானுக்கும் மலைப்பாதை மோகம்தான் என்றால், நம்பர் பிளேட்டோடு வரும் ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி ஏதாவது வாங்கட்டும். குப்பனூர் வழியாக இறங்கி ஏறினாலே ஆசை தீரும். சைலன்சரைக் கழற்றி மாற்றக் கூடாது, அதற்கும் தனி அபராதம் உண்டு. சேலத்துப் பையன்கள் போகிறார்களே என்று செட்டிச்சாவடி பக்கத்து வெள்ளைக்கல் குழிகளுக்கும் வற்றிய ஏரிகளுக்கும் போக வேண்டாம். யாரும் இல்லாத கரடு மாதிரி கிடந்தாலும் ஒன்று சுரங்கக் குத்தகை நிலம், இன்னொன்று நீர்நிலைப் புறம்போக்கு.

விருந்தினர்களுக்கு 500 ரூபாய்க்குக் கொடுக்கலாமா? என் பதில் வேண்டாம் என்பதுதான். காசு வாங்கிய நிமிஷத்தில் நீங்கள் சாகச விளையாட்டு நடத்துகிறவர் ஆகிறீர்கள். சுற்றுலாத் துறைப் பதிவு வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சாகசச் சுற்றுலா வழிகாட்டி ஏடிவி சவாரியையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பயிற்சி பெற்ற ஆள், கவசம், முதலுதவி, பராமரிப்புக் குறிப்பு எல்லாம் வைத்திருக்க வேண்டும். தடம் போட பொக்லைனைக் கொண்டுவந்து சரிவை வெட்டுவதற்கும் நிழல் மரங்களைச் சாய்ப்பதற்கும் மலைப்பகுதியில் தனி அனுமதி கேட்பார்கள், 1955ஆம் ஆண்டிலிருந்தே மலைப்பகுதி மரங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. பதிவில்லாத வண்டிக்கு மோட்டார் காப்பீடு கிடைக்காது, பப்ளிக் லயபிலிட்டி பாலிசிதான் தேட வேண்டும். கொடுக்கிற நிறுவனம் முதலில் கேட்பது மேலே சொன்ன பதிவையும் பயிற்சியாளரையும்தான்.

என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்று விருந்தினரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பார் மச்சான். வாங்கலாம், ஆனால் பிரேக் பிடிக்காத வண்டியைக் கொடுத்தீர்கள் என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு வந்தால் அந்தத் தாள் உங்கள் அலட்சியத்தை மூடாது. கையெழுத்துப் போட்டவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அந்த ஒப்பந்தமே செல்லாது, 1903இலேயே பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) முடித்து வைத்த விஷயம். அப்புறம் மலைக்கு வரும் கூட்டம் சாயங்காலம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஒருவர் குடித்துவிட்டு வண்டி கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியது அதே அறைக்கு வாடகை கொடுத்திருக்கும் விருந்தினரிடம். 20 நிமிஷத்துக்கு 500 ரூபாய் என்று வருஷம் முழுக்க ஓட்டினாலும் ஒரு இடுப்பெலும்பு முறிவுக்குக் காணாது. கேட்கிற விருந்தினர்களை, பதிவோடு அடைத்த தடத்தில் நடத்துகிறவர்களிடம் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாகப் பக்கத்துத் தோட்டக்காரர். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 என்று அளவு இருக்கிறது. பழைய சைலன்சரோடு ஓடும் ஏடிவி பக்கத்தில் இருந்தால் அதைத் தாண்டும் என்று சொல்ல மீட்டரே தேவையில்லை. மலையில் சத்தம் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வரும், உங்களுக்கு நின்ற பிறகும் அவருக்குக் கேட்கும். பஞ்சாயத்து விசாரணைக்கு முன்னால் நீங்களே ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். வண்டி இனி மேல் துண்டில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், அவர் வேலியிலிருந்து இவ்வளவு தள்ளி என்று ஏதாவது ஓர் ஏற்பாட்டை நீங்களே முன்வைத்து, இரண்டு பேரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால், பஞ்சாயத்திலிருந்து எழுத்தில் நோட்டீஸ் வந்தவுடன் அதில் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்திலேயே பதில் கொடுங்கள். எஃப்எம்பி நகலும் சைலன்சர் மாற்றியதற்கான ரசீதும் அதோடு போகட்டும்.